தெருவை அழித்ததும் மீட்டதும்: கிளாஸ்கோவின் கார்பல்ஸ், 1794 – 2016

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மையத்திலிருந்து கிளைடு ஆற்றைத் தாண்டினால் தென்கரையில் இருப்பது கார்பல்ஸ். 1870களில் ஒரு முறை, 1957க்குப் பின் ஒரு முறை, 1990க்குப் பின் ஒரு முறை என மூன்று தடவை இப்பகுதியை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழி முந்தைய தலைமுறையின் கட்டட வடிவத்தின் மேல் விழுந்தது. ஆனால் கார்பல்ஸ் சீரழிந்ததற்கு வடிவத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பலரும் சேர்ந்து புழங்கும் படிக்கட்டு, கூரை, கொல்லை, தெரு ஆகியவற்றை யார் பராமரிப்பது, யார் செலவழிப்பது என்ற கேள்வி தீர்க்கப்படாமல் கிடந்ததே அடிப்படைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரபுக்களின் பெயரில் தெருக்கள்

இடைக்காலத்தில் கார்பல்ஸ் ஒரு சிற்றூர். தொழுநோயாளர்களுக்கான விடுதி இருந்த ஆற்றங்கரை. 1790இல் இதன் நிலங்கள் கிளாஸ்கோ நகராட்சி, கைவினைஞர் சங்கங்களின் பேரவையான டிரேட்ஸ் ஹவுஸ், ஹட்சஸன் அறநிலையம் ஆகிய மூன்றுக்கும் பிரிக்கப்பட்டன. அறநிலையத்தின் பங்கில் 1794 முதல் ஹட்சஸன்டவுன் உருவானது. அதற்கு மேற்கே லாரி சகோதரர்கள் பணக்காரர்களை மனத்தில் வைத்து லாரிஸ்டனை அமைத்தார்கள். ஆற்றைப் பார்த்த கார்ல்டன் பிளேஸ் வீட்டு வரிசையை வடிவமைத்தவர் பீட்டர் நிக்கல்சன். பெட்ஃபோர்டு, நார்ஃபோக், ஆக்ஸ்ஃபோர்டு, போர்ட்லாண்டு என்று தெருக்களுக்கு ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்களை நினைவூட்டும் பெயர்களை இட்டதிலேயே வீட்டுமனை வியாபாரிகளின் நோக்கம் தெரிகிறது.

அந்த நோக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1830களின் இறுதியில் தெற்கு எல்லையில் டிக்சனின் இரும்பாலை எழுந்தது. அதன் உலைகள் இரவு வானத்தைச் சிவக்க வைத்ததால் மக்கள் அதை 'டிக்சன்ஸ் பிளேசஸ்' (டிக்சனின் தீச்சுடர்கள்) என்றே அழைத்தார்கள். 1846இல் கார்பல்ஸ் கிளாஸ்கோவுடன் இணைந்தது. புகையும் ரயில் பாதைகளும் வந்ததும் வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற விசாலமான வீடுகள் தடுப்புச் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டு, ஒண்டுக்குடித்தனங்களாக வாடகைக்குப் போயின. ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த ஏழைகளும், நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும் இங்கே குடியேறினார்கள். 1901இல் சவுத் போர்ட்லாண்டு தெருவில் யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. 1940களில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல் அமைத்தார்கள்.

1866ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் பழைய கிராமத்துப் பெருந்தெரு 1870களில் இடிக்கப்பட்டது. புதிதாக எழுந்தவை பெரும்பாலும் நான்கு மாடிக் கல் கட்டடங்கள்: தெருவிலிருந்து உள்ளே செல்லும் ஒரு பொது நடை, பொதுப் படிக்கட்டு, பின்னால் பொதுக் கொல்லை. உறுதியான அமைப்புதான். ஆனால் ஒற்றை அறை வீட்டில் ஒரு முழுக் குடும்பம் வாழ்ந்தபோது, பொதுக் கழிப்பறையும் கொல்லையும் தாங்கவில்லை.

வாடகையும் பராமரிப்பும்

1915இல் கிளாஸ்கோப் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகைப் போராட்டத்தால் பிரிட்டன் முழுவதும் வாடகையை உறையவைக்கும் சட்டம் வந்தது. வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு அது பெரும் காப்பு. ஆனால் பின்வந்த பத்தாண்டுகளில் வாடகை வருமானம் பழுதுபார்ப்புக்குப் போதவில்லை என்று உரிமையாளர்கள் கைவிரித்தார்கள். அரசும் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. கூரை ஒழுகியது, குழாய்கள் உடைந்தன. 1935இல் வெளியான 'நோ மீன் சிட்டி' நாவல் கார்பல்ஸை ரவுடிகளின் பேட்டையாக உலகுக்குக் காட்டியது. அதன்பின் இப்பகுதியைப் பற்றிப் பேசியவர்கள் ஒழுகும் கூரையை விடக் கத்திக்குத்தைப் பற்றியே அதிகம் பேசினார்கள்.

1957: தெரு இல்லாத திட்டம்

ஹட்சஸன்டவுனையும் கார்பல்ஸின் ஒரு பகுதியையும் சேர்த்து 1957இல் அங்கீகரிக்கப்பட்டது நகரின் முதல் 'முழுமை மேம்பாட்டுப் பகுதி'. அங்கிருந்த வீடுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை ஓரறை அல்லது ஈரறை வீடுகள். குளியலறை உள்ளவை மிகச் சில. இடிக்க வேண்டியவை ஏராளமாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டோடு தெருவும் போனது. 444 கடைகள் இருந்த இடத்தில் 57 போதும் என்றும், 48 மதுக்கடைகள் இருந்த இடத்தில் 9 போதும் என்றும் திட்டம் கணக்கிட்டது. கடைகள் நிறைந்த கம்பர்லாண்டு தெரு தன் பிழைப்பை இழந்தது. மக்களில் பெரும் பகுதியினர் காசில்மில்க் போன்ற நகர விளிம்புக் குடியிருப்புகளுக்கும் ஈஸ்ட் கில்பிரைடு போன்ற புதுநகரங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இத்திட்டத்தின் உட்பிரிவுகளில் ஒன்றான 'சி' பகுதியில் கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ் 20 மாடி உயரத்தில் 400 வீடுகளை எழுப்பினார். 1965 வாக்கில் முடிந்த அக்கட்டடத்தின் பெரிய உப்பரிகைகள் கொல்லைக்கு மாற்றாக அமைய வேண்டும் என்பது அவர் எண்ணம். பராமரிப்பில்லாமல் அது பாழாகி, 1993 செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்ப் பெண் ஒருவர் அதில் உயிரிழந்தார்.

'இ' பகுதியின் கதை இன்னும் கசப்பானது. பிரெஞ்சு முன்வார்ப்பு முறையில் எழுந்த வீடுகளின் சுவர்களில் ஈரமும் பூஞ்சையும் படர்ந்தன. மக்கள் வீட்டுக்குள் துணி உலர்த்துவதும் போதுமான வெப்பமூட்டாததுமே காரணம் என்று நகராட்சி சொன்னது. குடியிருந்தவர்கள் வாடகை தர மறுத்து, பல ஆண்டுகள் போராடினார்கள். ஈரத்தைச் சுட்டும் 'டேம்பீஸ்' என்ற வசைப்பெயர் பெற்ற அந்த வீடுகள் காலிசெய்யப்பட்டு, 1987இல் தரைமட்டமாயின.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். 'பி' பகுதியில் ராபர்ட் மேத்யூ வடிவமைத்த 18 மாடிக் கோபுரங்கள் புதுப்பிக்கப்பட்டு இன்றும் குடியிருப்புகளாக உள்ளன. ஆகவே உயரத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

மீண்டும் தெரு

1990இல் தொடங்கிய கிரவுன் தெரு மறுசீரமைப்புக்கான வரைவைத் தந்தவர் கட்டடக் கலைஞர் பியர்ஸ் காஃப். அவர் நான்கு மாடி வரிசையையும் கட்டமான தெரு அமைப்பையும் திருப்பிக் கொண்டுவந்தார். தரைத்தள வீடுகளுக்குத் தெருவிலிருந்தே தனி வாசல். கட்டடங்களுக்கு நடுவே பொதுத் தோட்டம். அதோடு பொறுப்பும் வரையறுக்கப்பட்டது: உள்ளூர் வீட்டுவசதிச் சங்கம் வாடகை வீடுகளைக் கவனித்தது, மற்றவை உரிமையாளர்களின் பொறுப்பு. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வீடுகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. அதனால் 1960களில் வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு இந்தத் தெரு எட்டாததாகவே இருந்தது. லாரிஸ்டனின் நார்ஃபோக் கோர்ட் கோபுரங்கள் 2016இல் தகர்க்கப்பட்டபோது, அங்கும் தெருவை ஒட்டிய தாழ்ந்த கட்டட வரிசைகள் எழத் தொடங்கியிருந்தன.

முடிவுரை

1870களின் கல் கட்டடமும் 1990களின் செங்கல் வரிசையும் வடிவத்தில் உறவினர்கள். முன்னது சேரியானதற்கும் பின்னது நிலைத்ததற்கும் காரணம் ஒரு வீட்டில் எத்தனை பேர், பழுதுக்கு யார் பணம் தருகிறார்கள், புகார் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்பவற்றில்தான் இருக்கிறது. 'டேம்பீஸ்' மக்கள் கேட்டது ஈரமில்லாத சுவர். புதிய நகர அமைப்புக் கோட்பாடு அல்ல. கார்பல்ஸ் தரும் பாடத்தைத் தெரு வடிவத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள், அதே தவற்றை அழகான வரைபடத்தோடு நான்காம் முறையும் செய்யக்கூடும்.