அசைவப் பிரியர்களுக்கும் பிடிக்கும் சைவ சமையல் புத்தகம்: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

'கறி இல்லாம சோறு இறங்க மாட்டேங்குது'. புரட்டாசி பாதியைத் தாண்டும்போது பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. கார்த்திகையில் மாலை போட்டவர் இருக்கும் வீட்டிலும் இதே கதைதான். டாக்டர் மட்டனைக் குறைக்கச் சொன்ன வீடு, சைவத்துக்கு மாறிய மகளும் கறி பிரியரான அப்பாவும் சேர்ந்து சாப்பிடும் வீடு என்று இந்தப் பட்டியல் நீளும்.

சரி, ஒரு சைவ சமையல் புத்தகம் வாங்கிப் பார்ப்போம் என்று வாங்குகிறோம். ரெண்டு நாள் புரட்டுகிறோம். அப்புறம் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. ஏன் இப்படி ஆகிறது? எந்த மாதிரி புத்தகம் உண்மையிலேயே உதவும்? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்சினை சைவம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை!

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014-ல் எடுத்த மாதிரிப் பதிவு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேலானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் தினமும் கறி சாப்பிடுவதில்லை. வாரத்தில் பல நாள் சாம்பார், ரசம், பொரியல்தான்.

அதாவது, நம்ம ஊர் அசைவப் பிரியருக்கு சைவம் புதுசு இல்லை. செவ்வாய்க்கிழமை சாம்பாரை அவர் குறை சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இலையில் அதே சாம்பார் வந்தால்தான் முகம் மாறுகிறது. அவர் தேடுவது அந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு ஈடாக நிற்கும் ஒரு சைவ உணவு.

இன்னும் 40 வகை பொரியல் சொல்லித் தரும் புத்தகம் அவருக்கு உதவாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டில் பாதிப் பேர் சைவம், பாதிப் பேர் அசைவம் என்றால் ரெண்டு குழம்பு வைப்பது யார்? பெரும்பாலும் அம்மாதான். எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் ஒரே குழம்பு கிடைத்தால், அடுப்படியில் நிற்பவருக்குத்தான் முதல் நிம்மதி.

கறியில் நமக்குப் பிடித்தது எது?

புத்தகம் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. கறியின் ருசி என்று நாம் சொல்வதில் நாலு விஷயம் கலந்திருக்கிறது.

மசாலா: பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசி, மிளகு, சின்ன வெங்காயம். சுக்காவிலும் சால்னாவிலும் மூக்கைத் துளைக்கும் வாசனையில் பெரும்பங்கு இவற்றுடையது. இவை எல்லாமே சைவம்தான்.

வறுபட்ட வாசனை: உணவின் மேற்பரப்பு சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் புது வாசனையும் உண்டாகின்றன. இதை 1912-ல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மேயார். தண்ணீரில் வேகும் காய் 100 டிகிரியைத் தாண்டாது. வேகவைத்த காயில் 'அந்த வாசனை' வராததற்குக் காரணம் இதுவே.

உமாமி: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தவிர்த்த ஐந்தாவது சுவை. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கடற்பாசியில் இருந்து இதற்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். எலும்பு சூப்பில் இருக்கும் அந்த நிறைவு தக்காளி, காளான், சோயா சாஸ் ஆகியவற்றிலும் உண்டு.

பதம்: பல்லுக்குக் கொஞ்சம் வேலை வேண்டும். குழைந்த காய் இதைத் தராது. காளான், பிஞ்சுப் பலாக்காய், சேனைக்கிழங்கு, மீல் மேக்கர், பனீர், கறுப்புக் கொண்டைக்கடலை ஆகியவை தரும்.

இந்த நாலையும் காய்கறியில் கொண்டுவரத் தெரிந்த புத்தகம்தான் நமக்கு வேண்டியது.

புத்தகத்தில் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. இலையின் நடுவில் எது?

பொருளடக்கத்தைப் பாருங்கள். பொரியல், கூட்டு, துவையல், பச்சடி மட்டுமே இருந்தால், அது தொட்டுக்கொள்வதற்கான புத்தகம். பருப்பு உருண்டைக் குழம்பு, வாழைப்பூ கோலா உருண்டை, காளான் சுக்கா, பலாக்காய் பிரியாணி மாதிரி 'இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?' என்ற கேள்விக்குப் பதிலாகும் உணவுகள் கணிசமாக இருக்க வேண்டும்.

2. செய்முறை எவ்வளவு தெளிவு?

'காளானை வதக்கவும்' என்று ஒரே வரியில் முடிந்தால் யோசியுங்கள். காளானில் தண்ணீர் அதிகம். மொத்தமாகக் கொட்டினால் அது தன் தண்ணீரிலேயே வெந்துவிடும், வறுபடாது. 'அகலமான சட்டியில், அதிகத் தீயில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும் வரை' என்று எழுதியிருந்தால், எழுதியவர் அடுப்படியில் நின்றவர் என்று நம்பலாம்.

3. போலிக் கறி எத்தனை பக்கம்?

'சைவ மட்டன்', 'சைவ சிக்கன்' என்றே புத்தகம் முழுக்க இருந்தால் கவனம் தேவை. பெயரைக் கேட்டதும் நாக்கு மட்டனை எதிர்பார்க்கும். வருவது வேறாக இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதே நேரம், சேனைக்கிழங்கைப் புளித் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, மீன் வறுவல் மசாலா தடவி, தோசைக்கல்லில் முறுகப் போட்டால் பல அசைவ வீடுகளில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். கறியின் மசாலாவையும் பக்குவத்தையும் கடன் வாங்கி, காயைக் காயாகவே பரிமாறும் புத்தகம் நல்லது.

4. பசி அடங்குமா?

'சைவம் சாப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல பசிக்குது' என்பது வழக்கமான புகார். புரதம் குறைந்த சாப்பாடு என்றால் இது நடக்கலாம். 100 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் சுமார் 50 கிராம் புரதம் இருக்கிறது. வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம். பலாக்காய் பார்க்கவும் மெல்லவும் கறி மாதிரி இருந்தாலும் புரதம் குறைவு. அதோடு கடலையோ பருப்போ சேர்க்கச் சொல்கிற புத்தகம் விஷயம் தெரிந்தது.

5. பொருள் நம்ம கடையில் கிடைக்குமா?

நாலு சமையல் குறிப்பைச் சும்மா திறந்து பாருங்கள். அதில் மூன்றுக்காவது பொருட்கள் தெருமுனை மளிகைக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் கிடைக்க வேண்டும். ஓவன் இல்லாத வீட்டுக்கு, ஓவனை நம்பி எழுதிய புத்தகம் அழகுப் பொருளாகத்தான் நிற்கும்.

6. எழுதியவர் யாருக்காகச் சமைக்கிறார்?

உலக அளவில் அசைவம் சாப்பிடுகிறவர்களும் விரும்பி வாங்கிய சைவப் புத்தகங்கள் சிலவற்றை எழுதியவர்கள், சைவர்களே இல்லை. கறி சாப்பிடுகிறவரின் நாக்கு அவர்களுக்குத் தெரியும். முன்னுரையைப் படித்தாலே இது புரிந்துவிடும். சைவம் ஏன் உயர்ந்தது என்று பாடம் எடுக்கிறாரா, இந்தச் சாப்பாடு ஏன் ருசி என்று சொல்கிறாரா என்று பாருங்கள்.

எந்தப் புத்தகம் யாருக்கு?

சமைத்துப் பார்: எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-ல் வெளிவந்த தமிழ் சைவ சமையல் நூல். சாம்பார், ரசம், ஊறுகாய் என்று அடிப்படை கற்க இன்றும் பலர் தேடுவது இதைத்தான். பழைய பதிப்பு என்றால் ஆழாக்கு, பலம் போன்ற அளவுகள் குழப்பலாம். வாரநாள் சமையலுக்கு அருமையான புத்தகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்புக்கு ஈடு தேடுகிறவருக்கு இது மட்டும் போதாது.

வெஜிடேரியன் இந்தியா: மதுர் ஜாஃப்ரி எழுதியது, 2015. இவருடைய முதல் புத்தகத்திலேயே கறிச் சமையலும் உண்டு. இந்தியாவின் பல மாநில வீட்டுச் சமையல் ஒரே இடத்தில் கிடைக்கும். நம்ம ஊர்ப் பொருட்களை வைத்தே பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஆங்கிலம் வாசிக்கிற வீட்டுக்கு முதல் தேர்வாக வைக்கலாம்.

பிளென்டி: யோதம் ஒட்டோலெங்கி, 2010. இவர் சைவர் அல்ல. பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய சைவப் பத்தியில் இருந்து வளர்ந்த புத்தகம். சுட்ட கத்திரிக்காயைத்தான் அட்டைப்படமாகவே வைத்திருக்கிறார். காயை நன்றாக வறுத்தால் என்ன ஆகும் என்று கற்றுக்கொள்ள ஏற்றது. ஓவனும் மேற்காசிய மசாலாப் பொருட்களும் தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

ரிவர் காட்டேஜ் வெஜ் எவ்ரி டே: ஹியூ ஃபெர்ன்லி விட்டிங்ஸ்டால், 2011. இறைச்சிக்காகவே 2004-ல் தனிப் புத்தகம் எழுதியவர், பிறகு காய்கறிக்காக எழுதியது இது. இங்கிலாந்துக் காய்கறிகளை வைத்து எழுதியதால், ஊட்டிக் காய்கறி எளிதாகக் கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

ஈஸ்ட்: மீரா சோதா, 2019. ஆசிய நாடுகளின் சமையல். சோயா சாஸ், மிளகாய், தேங்காய்ப்பால், டோஃபு என்று போகும். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் விரும்பும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பொருத்தம்.

பெண்கள் இதழ்களோடு இணைப்பாக வரும் '30 வகை' புத்தகங்களையும் ஒதுக்க வேண்டாம். விலை குறைவு, பொருட்கள் எல்லாம் நம்ம ஊரில் கிடைப்பவை. ஆனால் மேலே சொன்ன 6 விஷயங்களை வைத்துப் பார்த்து, தேறுகிற பக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை

நல்ல சமையல் புத்தகங்களின் விலை சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். எனவே முதலில் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றில் உட்கார்ந்து புரட்டலாம். எழும்பூர் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி அனுப்பப்படும் 4 நூலகங்களில் ஒன்று. இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பல புத்தகங்களின் பொருளடக்கமும் சில பக்கங்களும் முன்னோட்டமாகப் படிக்கக் கிடைக்கும்.

பிறகு மூன்று உணவுகளைக் குறித்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்க வேண்டாம். கேட்டால் வீட்டில் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். ரெண்டாவது முறை கையை நீட்டுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். மூன்றில் ஒன்றாவது காலியானால் புத்தகத்தை வாங்கலாம்.

யூடியூப் போதாதா?

ஒரே ஒரு உணவைக் கற்றுக்கொள்ள வீடியோ போதும். புத்தகத்தின் பலன் வேறு. இந்த மசாலா ஏன், இந்தக் காய்க்கு ஏன் அதிகத் தீ என்று ஒரே ஆள் தொடர்ந்து சொல்லும்போது, பத்து உணவு செய்த பிறகு புத்தகம் இல்லாமலே பதினோராவதைச் செய்ய வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சமைப்பவர் தலையில் மட்டும் கட்ட வேண்டாம். 'கறி இல்லாம சோறு இறங்காது' என்று சொல்கிறவர் கையில் கொடுத்து, மூன்று உணவை அவரையே குறிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒன்றை அவரே செய்யட்டும். தான் நின்று வறுத்த சேனையை வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.