ஓடும் வீடும் பன்னிரண்டு செல்களும்

சினிமாக்காரர்களின் கேரவன் நமக்குப் பழகிப்போவதற்கு வெகு காலம் முன்பே, படுக்கை, சமையலறை, குளியலறை, தனக்கென்று மின்சாரம் எல்லாம் கொண்ட வீடுகள் லால்குடியைக் கடந்து ஓடியிருக்கின்றன. ரயில்வே அதிகாரிகள் ஆய்வுக்குப் போன சலூன் பெட்டிகளைத்தான் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சிக்கு வரும் கார்டு லைன் 1920களின் பிற்பகுதியில் போடப்பட்டது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் திருச்சியின் பொன்மலைக்கு மாறியது. அந்த மாற்றத்தையொட்டி வந்த ஆட்குறைப்புதான் அதே ஆண்டு ஜூலையில் வெடித்த பெரிய வேலைநிறுத்தத்துக்குக் காரணம். பொன்மலை என்றதும் அந்த வேலைநிறுத்தமும், 1946 செப்டம்பர் 5இல் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடும் நினைவுக்கு வருவது நியாயமே. ஆனால் அங்கே உழைத்தவர்களின் போராட்டத்தை எழுதிவைத்த அளவுக்கு அவர்களின் கைத்திறனை நாம் எழுதிவைக்கவில்லை. அதில் ஒன்று, பேட்டரியின் சார்ஜ் வோல்டேஜைப் பார்த்துச் சரிசெய்வது. ஓடும் வீட்டில் விளக்கு எரிந்ததற்கு டைனமோவைவிட, பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தவர்களே பெரிய காரணம் என்பது என் கட்சி.

ஈய-ஆசிட் பேட்டரியைப் பிரான்சில் பிளான்டே 1859இல் செய்தார். 1881இல் லண்டனிலிருந்து பிரைட்டன் போன ஒரு புல்மன் பெட்டியில் பேட்டரியை மட்டும் வைத்து விளக்கேற்றினார்கள். பெட்டியில் டைனமோ கிடையாது, சார்ஜ் வெளியில் ஏற்ற வேண்டும். இந்தியாவில் 1902இல் ஜோத்பூர் ரயில்வே பெட்டிகளில் மின்விளக்கு வந்தது. இதற்கிடையே லண்டனின் ஜே. ஸ்டோன் கம்பெனி, சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுழற்றும் முறையைக் கொண்டுவந்திருந்தது. வண்டி வேகமெடுத்தால் வோல்டேஜும் ஏறுமே, அதை எப்படி அடக்குவது? டைனமோவைப் பெட்டிக்கு அடியில் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுவை வந்தால் டைனமோ அச்சுப் பக்கம் நகரும், பெல்ட் தளர்ந்து வழுக்கும், அதற்கு மேல் மின்சாரம் கூடாது. மிக அழகான ஏற்பாடு. ஆனால் அது கட்டுப்படுத்தியது டைனமோ தரும் மின்னோட்டத்தை. பேட்டரி நிரம்பிவிட்டதா, இன்னும் பசியோடு இருக்கிறதா என்பது அந்தப் பெல்ட்டுக்குத் தெரியாது. நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸில் பேட்டரி கொதிக்கும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்கும் பாசஞ்சரில் பாதி சார்ஜோடு இளைக்கும்.

பழைய பெட்டிகளில் 24 வோல்ட் என்றால் வரிசையாகப் பன்னிரண்டு செல்கள். ஒவ்வொரு செல்லும் சுமார் 2.4 வோல்ட்டைத் தொட்டதும் வாயுக் குமிழ் விடத் தொடங்கும். அதாவது முழுமையாக ஏற்ற 28.8 வோல்ட் வேண்டும். அந்த வோல்டேஜில் 24 வோல்ட் பல்பு சீக்கிரமே போய்விடும். அதனால்தான் ஸ்டோன் முறையில் இரண்டு பேட்டரித் தொகுதிகள் வைத்து, ஒன்று சார்ஜ் ஆகும்போது மற்றொன்றிலிருந்து விளக்குக்குக் கொடுத்தார்கள். இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு ஏறக்குறைய 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. திருச்சிக் கோடையில் 40 டிகிரி சாதாரணம். பன்னிரண்டு செல்லுக்கும் சேர்த்து முக்கால் வோல்ட் வரை குறைத்தாக வேண்டும். குளிர்நாட்டு அளவை அப்படியே விட்டால் தண்ணீர் வற்றும், பிளேட் அரித்துக் கொட்டும். ஆசிட்டின் அடர்த்தியும் அப்படித்தான். குளிர்நாட்டு மோட்டார் பேட்டரியில் 1.28 வைப்பார்கள்; நம் ரயில் விளக்கு பேட்டரிகளில் 1.215 அளவே போதும். இந்தத் திருத்தங்களை டைனமோ தானாகச் செய்துகொள்ளவில்லை. மீட்டர் பார்த்த ஆட்கள் செய்தார்கள்.

சலூன் விஷயம் இன்னும் கஷ்டமானது. அதிகாரி ஒரு ஊரில் தங்கினால் பெட்டி சைடிங்கில் நிற்கும். அச்சு சுழலாது, ஆனால் விசிறியும் விளக்கும் ஓடும். ஒரு வாரம் ஓரிடத்தில் நிறுத்தப்படும் இன்றைய மோட்டார் வீட்டுக்கும் இதே பாடுதான்.

ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, ஹைட்ரோமீட்டரில் பார்த்தாலே பேட்டரியின் நிலை தெரிந்துவிடுமே, வோல்டேஜ் எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சார்ஜிலிருந்து எடுத்தவுடன் பார்க்கும் வோல்டேஜ் உயர்த்திக் காட்டும் என்பது வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும்: கிராவிட்டியோடு 0.84ஐக் கூட்டினால் செல்லின் வோல்டேஜ் வந்துவிடும். 1.215 என்றால் 2.05 வோல்ட். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அளவிலோ செல்லிலோ ஏதோ கோளாறு. கிராவிட்டி காட்டாத ஒன்றையும் வோல்டேஜ் காட்டும். இரண்டு கூர்முனை உள்ள செல் டெஸ்டரை ஈய இணைப்புகளில் ஊன்றினால், நடுவில் இருக்கும் கம்பிச்சுருள் பெரிய லோடாக நின்று பழுக்கும். நல்ல செல் தாங்கும், கெட்ட செல்லின் முள் மளமளவென்று இறங்கும். மொத்த வோல்டேஜில் ஒளிந்துகொள்ளும் ஒரு செல், தனியாகச் சோதிக்கும்போது தப்ப முடியாது.

இந்த அறிவு ரயிலோடு நின்றுவிடவில்லை. பைக்காரா 1932இலும் மேட்டூர் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கினாலும், கம்பி கிராமங்களைத் தொட மேலும் பல ஆண்டுகள் ஆயின. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியபோது, கரண்ட் இல்லாத ஊரில் வால்வு ரேடியோ கேட்க பேட்டரிதான் வழி. அது தீர்ந்தால் டவுனுக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். பிறகு லாரி, டிராக்டர், மைக் செட் எல்லாம் அதே பேட்டரிக் கடையின் வாசலுக்கு வந்தன.

எல்லாம் எலக்ட்ரானிக் ஆகிவிட்ட பிறகு இந்தப் பழங்கதை எதற்கு என்பதுதான் வலுவான ஆட்சேபம். ரெகுலேட்டரும் சோலார் கன்ட்ரோலரும் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டும் பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளும், தாங்கள் இருக்கும் இடத்தில். கேரவனின் ஆல்டர்னேட்டர் முன்னால் இருக்கும், வீட்டு பேட்டரி பின்னால். நடுவிலுள்ள ஒயரிலும் இணைப்புகளிலும் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலும், 50 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டரில் 14.2 இருக்கும், பேட்டரியில் 13.7தான் இருக்கும். 14.4 கேட்கும் ஈய பேட்டரிக்கு ஓட்டத்தில் கிடைக்கும் சில மணி நேரத்தில் இது போதாது. நாளடைவில் பிளேட்டில் சல்ஃபேட் கட்டிவிடும். எரிபொருளை மிச்சப்படுத்த, வண்டி ஓடும்போதே வோல்டேஜைத் தாழ்த்திவிடும் ஆல்டர்னேட்டர்களும் சில புது வண்டிகளில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் தனி சார்ஜர் இல்லாமல் பின் பேட்டரி நிரம்பாது. லித்தியமோ ஓய்வில் 13.3 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். பாதி சார்ஜா முக்காலா என்று வோல்டேஜை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். அங்கே உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரைக் கணக்கு வைக்க வேண்டும். ஆனால் சார்ஜ் வோல்டேஜ் 14.6ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க இன்னமும் பேட்டரி முனையில்தான் மீட்டரை வைக்க வேண்டும்.

எல்எச்பி எனப்படும் இன்றைய ரயில் பெட்டிகளுக்கு மின்சாரம் ஜெனரேட்டர் பெட்டியிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ வருகிறது. அச்சில் ஓடிய டைனமோவும் அதன் பின் வந்த ஆல்டர்னேட்டரும் மெல்ல விடைபெறுகின்றன. அவற்றோடு பேட்டரிப் பெட்டிக்கு முன் குனிந்து வேலை கற்ற தலைமுறையும் ஓய்வு பெறுகிறது. திருச்சியில் 2014இல் ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு பெல்ட் டைனமோ, ஒரு செல் டெஸ்டர், செல் செல்லாகக் கிராவிட்டியும் வோல்டேஜும் கையால் எழுதிய பணிமனைப் பதிவேடு ஒன்று, இவை மூன்றையும் அங்கே ஒன்றாக வைத்து, வேலை செய்தவர்களிடமே விளக்கம் எழுதி வாங்க வேண்டும். அவர்களில் பலர் இன்னும் பொன்மலையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.