சோழகம் எழும்பும் மாதங்கள்: புத்தளக் கரையிலிருந்து முல்லைத்தீவு வரை

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையில் தொழில் செய்பவர்களுக்கு ஆண்டு இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. ஒக்டோபர் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை கடல் அவர்களுடையது. மே மாதம் சோழகக் காற்று எழும்பியதும் சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரையான திறந்த கரையில் அலை உயர்ந்து விடும். கரைவலை வளைக்க முடியாது, சிறிய படகுகளை இறக்குவதும் ஆபத்து. இந்த அடைப்பு செப்டெம்பர் வரை நீளும்.

இதே மாதங்களில்தான் தீவின் மறுபக்கத்தில் முல்லைத்தீவு, திருகோணமலைக் கடல் அமைதியாகக் கிடக்கும். அங்கே வாடைக் காற்று வீசும் மாரி காலத்தில் இங்கே கடல் திறந்திருக்கும். ஒரு கரை மூடும்போது மற்றக் கரை திறப்பதால், வலையையும் வள்ளத்தையும் ஏற்றிக்கொண்டு கரை மாறும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்து வந்தது. போன இடத்தில் ஓலையாலும் தடியாலும் போடும் தற்காலிகக் குடில்தான் வாடி. காற்று திரும்பியதும் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

எல்லோரும் போனதில்லை. புத்தளம் களப்பு சோழகத்திலும் ஓரளவு ஒதுக்கமானது. இறாலும் நண்டும் களப்பு மீனும் அந்த மாதங்களில் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்தன. உடப்பில் திரௌபதி அம்மன் ஆலயத்தின் ஆடித் திருவிழாவும் தீமிதிப்பும், தலவிலை புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஓகஸ்ட் பெருவிழாவும் வருவது கடல் அடைத்திருக்கும் காலத்தில்தான்.

கரை மாறியவர்களின் முக்கிய தொழில் கரைவலை. அதன் முறையை விளங்கிக்கொள்ளாமல் இன்றைய பிரச்சினையை விளங்கிக்கொள்ள முடியாது. கம்பா எனப்படும் நீண்ட கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். கயிறு முடியும் இடத்தில் வலையை அரைவட்டமாக வளைத்து இறக்கி, மறு கயிற்றுடன் சில நூறு மீற்றர் தள்ளிக் கரையேறும். பிறகு இருபது முப்பது பேர் இரு பிரிவாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு பிரிவும் ஒன்றையொன்று நெருங்கி வரும். வலையின் நடுவில் இருக்கும் பை போன்ற மடி கரைக்கு வந்து சேர மணித்தியாலக் கணக்காகும். இழுவையின் தாளத்துக்குப் பாடும் அம்பாப் பாடல்கள் உடப்புப் பகுதியின் அடையாளங்களில் ஒன்று. நெத்தலி, சூடை, சாளை, காரல், கும்பிளா, அதிர்ஷ்டம் இருந்தால் பாரை. மிஞ்சுவது கருவாடாகும்.

வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. நீரின் நிறத்தையும் பறவைகளின் இறக்கத்தையும் பார்த்து எப்போது வளைப்பது என்று சொல்பவர் மண்டாடி. சிங்கள மீனவரும் இந்த இரண்டு சொற்களையும் சிறு மாற்றத்துடன் பயன்படுத்துகிறார்கள் என்பது இந்தத் தொழிலின் பழமையைக் காட்டும். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய தொழிலாளி அந்தப் பருவம் முடியும்வரை அவருடனேயே நிற்க வேண்டியிருக்கும். இந்தக் கடன் கட்டைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

வலை வளைக்கும் கரைத் துண்டுக்குப் பாடு என்று பெயர். கல்லும் பாரும் இல்லாத மணல் அடித்தளம் இருந்தால்தான் வலை கிழியாமல் வரும். ஆகவே நல்ல பாடுகள் எண்ணிக்கையில் குறைவு. ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொண்டால், இழந்தவர் பக்கத்துக் கரைக்கு நகர்ந்து தொழிலைத் தொடர்வது இலகுவல்ல. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் பாடு பற்றிய தகராறு இவ்வளவு கசப்பானதற்கு இதுவும் ஒரு காரணம்.

1983க்குப் பின்னர் கரை மாறும் வழக்கம் குலைந்தது. 1984 டிசம்பர் தொடக்கத்தில் கொக்கிளாய், நாயாறு ஆகிய இடங்களில் இருந்த சிங்கள மீனவக் குடியிருப்புகள் மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின்னரே, ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. அப்போது தங்கள் பாடுகளில் வேறு வலைகள் வளைக்கப்படுவதைக் கண்டார்கள்.

புத்தளக் கரைக்கும் போர் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இந்த மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் பலர் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் கடற்றொழிலாளர்களும் இருந்தனர். வலையையும் படகையும் மன்னாரில் விட்டுவிட்டு வந்தவர்கள், ஏற்கெனவே நெருக்கமான ஒரு களப்பில் மற்றவர்களுடன் பங்கு கேட்க வேண்டியதாயிற்று. பாடு இழப்பதன் வலியைப் பேசும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

2009க்குப் பின்னர் சிலாபம், நீர்கொழும்புப் பக்கங்களிலிருந்து முல்லைத்தீவுக்குப் பருவப் பயணம் மீண்டும் தொடங்கியது. முன்னர் வந்தவர்கள் பருவத்துக்கு வந்து பருவத்தோடு போனார்கள். இப்போது வாடிகள் நிரந்தரமாகின்றன, அனுமதிக்கு மேலாகப் படகுகள் வருகின்றன, வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கிறார்கள் என்பவை உள்ளூர்ச் சங்கங்களின் முறைப்பாடுகள். 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவில் பெரும் போராட்டம் நடந்தது. அதே மாதம் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையாகின.

நமது செய்திகளில் இவர்களைத் ‘தென்னிலங்கை மீனவர்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். சிலாபம் தொடக்கம் நீர்கொழும்பு வரையான கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழாக இருந்தது. பாடசாலை மொழி சிங்களமாக மாறியபோது அடுத்த தலைமுறைகளும் மாறின. இன்றும் அங்குள்ள முதியவர்கள் சிலர் கடலில் தமிழ் பேசுகிறார்கள். இதனால் கொக்கிளாய் மக்களின் உரிமை எந்த வகையிலும் குறைந்துவிடாது. ஆனால் எதிரில் நிற்பது யார் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

சட்டப்படி, 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வழங்குவது கடற்றொழில் திணைக்களம். எந்தப் பாடு யாருக்குப் பரம்பரையாக உரியது என்பதோ பெரும்பாலும் ஊர் நினைவில் இருப்பது. இடம்பெயர்ந்து கால் நூற்றாண்டு வெளியே இருந்தவரிடம் அதற்குக் கடதாசி கேட்டால் அவர் எங்கே போவார்?

இதற்கிடையில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இரண்டு கரைகளிலும் கரைவலையை இழுக்கத் தொடங்கிவிட்டது. இழுக்க ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள் சம்மாட்டிகள். கனமான வலை வேகமாக இழுபட்டு அடித்தளத்தையும் குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு வருகிறது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். முப்பது பேர் நின்ற கயிற்றில் வின்ச் பூட்டினால் நாலைந்து பேர் போதும். மற்றவர்கள் நாள் கூலிக்கு வேறு வேலை தேட வேண்டியதுதான்.