பக்கச் சறுக்கலும் உருளலும்: மாதிரி விமானத்தில் திருத்தம் எங்கே தொடங்க வேண்டும்?

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் சாகச மாதிரி விமானம் ஒன்று, இறக்கைகளைச் செங்குத்தாக நிறுத்தி நேர்கோட்டில் போகிறது. விமானிகள் இதை ‘நைஃப் எட்ஜ்’ என்பார்கள். இந்த நிலையில் எடையைத் தாங்குவது இறக்கை அல்ல. சுக்கானால் மூக்கைத் தூக்கிப் பிடித்து, உடற்கூட்டின் விலாவில் காற்றை மோதவிட்டுப் பெறும் விசையே தாங்குகிறது. ஆகவே அந்தக் கோடு முழுவதையும் விமானம் பக்கச் சறுக்கலிலேயே கடக்கிறது. வடிவத்தில் குறை இருந்தால் இங்கே ஒளிக்க முடியாது: சுக்கானைப் பிடித்த சில கணங்களில் விமானம் மெல்ல உருண்டு நிமிரப் பார்க்கும், அல்லது மல்லாக்கப் புரளப் பார்க்கும். சுக்கானோடு, உருளலைக் கட்டுப்படுத்தும் ஏலரானும் சிறிது அசையும்படி டிரான்ஸ்மிட்டரில் ‘மிக்ஸிங்’ அமைத்து இதை மறைப்பது இன்று சில நிமிட வேலை. ஆனால் இந்த உருளலை முதலில் விமானத்தின் வடிவத்தில்தான் தீர்க்க வேண்டும். மிக்ஸிங் அதற்குப் பின்னரே வர வேண்டும் என்பது என் வாதம்.

உருளலுக்குக் காரணம் ஒன்றல்ல. இறக்கைகள் நுனி நோக்கி மேலேறும் சாய்வை டைஹெட்ரல் என்கிறோம். சறுக்கலின்போது காற்று வரும் பக்கத்து இறக்கை அதனால் கூடுதல் தாக்குகோணம் (காற்றைச் சந்திக்கும் கோணம்) பெறுகிறது, மறுபக்கத்து இறக்கை இழக்கிறது. 15 டிகிரிச் சறுக்கலில் 1 டிகிரி டைஹெட்ரல் ஒவ்வோர் இறக்கையிலும் ஏறத்தாழ கால் டிகிரி மாற்றத்தை உண்டாக்கும். கேட்கச் சிறிதுதான், ஆனால் இரு இறக்கைகளிலும் எதிரெதிராக, இறக்கை நீளம் முழுவதும் செயல்படுவதால் விமானத்தை உருட்ட அது போதும். இறக்கை உடற்கூட்டின் மேலே அமைந்தால் இந்த விளைவு கூடும், கீழே அமைந்தால் குறையும். தாழ்இறக்கை விமானத்துக்கு ஓரளவு டைஹெட்ரல் கொடுத்தால்தான் நிகர உருளல் சுழியாகிறது என்பதற்கு இதுவே காரணம். செங்குத்து வாலும் டைஹெட்ரலின் திசையிலேயே உதவும். ஆனால் திருப்பப்பட்ட சுக்கானின் விசை மைய அச்சுக்கு மேலே செயல்படுவதால் அது எதிர்த்திசையில் உருட்டும். இறக்கை பின்சாய்ந்திருந்தால் இன்னொரு பங்கு சேரும். அந்தப் பங்கு இறக்கையின் தூக்குவிசைக்கேற்ப மாறும். நைஃப் எட்ஜில் இறக்கை ஏறக்குறைய எதையும் தூக்காததால் அது மறைந்துவிடும், நிமிர்ந்த நிலையில் மெதுவாகச் சறுக்கும்போது திரும்பிவிடும்.

மிக்ஸிங்கே போதும் என்பாரின் வாதத்தில் உண்மை உண்டு. சிறு கோணங்களில் சறுக்கலும் அதைத் தாங்கும் சுக்கான் திருப்பமும் ஒரே விகிதத்தில் நிற்கின்றன. உருட்டும் விசைகளும் ஏலரானின் விசையும் வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. எனவே ஒரு வேகத்தில் சரிப்படுத்திய மிக்ஸிங் மற்ற வேகங்களிலும் பெரும்பாலும் ஒத்துவரும். இதை மறுத்துப் பேசுவது பிழை. மிக்ஸிங் தோற்பது வேறு இடங்களில். அது அறிவது விமானியின் விரலை, காற்றை அல்ல. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் மாதிரியைப் பக்கவாட்டிலிருந்து 3 மீட்டர் வேகத்தில் திடீர்க் காற்று வீச்சு தாக்கினால், சுக்கான் அசையாமலே 8 டிகிரிக்கு மேல் சறுக்கல் உண்டாகும். சீராக வீசும் பக்கக்காற்று சறுக்கலை உண்டாக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், இதில் குழப்பம் மிகுதி. திடீர் வீச்சுதான் உண்டாக்குகிறது, அதை மிக்ஸிங் பார்ப்பதில்லை. ரைட் சகோதரர்கள் தங்கள் 1903 விமானத்தின் இறக்கை நுனிகளைக் கீழ்நோக்கித் தாழ்த்தியது பக்க வீச்சு விமானத்தைப் புரட்டக்கூடாது என்பதற்காகவே. விமானத்தின் அசைவை உணர்ந்து தானே திருத்தும் கைரோ கருவி காற்றின் தாக்கத்தை அறியும்தான். ஆனால் எஃப்3ஏ சாகசப் போட்டி விதிகள் தானியங்கி நிலைப்படுத்தலைத் தடுக்கின்றன.

இரண்டாவது தோல்வி நேரம் சார்ந்தது. சுக்கானைத் திருப்பியதும் அதன் எதிர் உருளல் உடனே வந்துவிடும். டைஹெட்ரலின் உருளலோ சறுக்கல் வளர்ந்த பிறகே வரும். நிலைத்த சறுக்கலுக்குச் சரியாக இருக்கும் மிக்ஸிங் முதற்கணத்துக்குப் பொருந்தாது. டைஹெட்ரலை மட்டும் திருத்தினாலும் இந்தக் கோளாறு போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுக்கானின் பரப்பை மைய அச்சுக்குக் கீழும் நீட்டி, அதன் விசை மையத்தை அச்சுக்கு அருகே கொண்டுவந்தால் போகும். நிரலில் எவ்வளவு தேடினாலும் இதற்கு நேரான மாற்று இல்லை.

சறுக்கலால் உருளாத விமானம் சுருள்பாதையில் சரிந்துவிடுமே என்பது வலுவான மறுப்பு. பாரிஸில் 1871இல் பறந்த அல்ஃபோன்ஸ் பெனோவின் ரப்பர் மாதிரிக்கு இறக்கை நுனிகள் மேல்நோக்கி இருந்தன. விமானி இல்லாத விமானத்துக்கு அந்தச் சாய்வே விமானி. சுக்கானால் மட்டுமே திரும்பும் கிளைடருக்கும் இது பொருந்தும், அதற்கு மிகுந்த டைஹெட்ரல் வேண்டும். சாகச மாதிரியின் கதை வேறு. அது பாதி நேரம் தலைகீழாகப் பறக்கிறது; நிமிர்ந்திருக்கையில் காக்கும் அதே டைஹெட்ரல் கவிழ்ந்ததும் அதைக் கெடுக்கும். இரு நிலைக்கும் ஒரே குணம் தரும் மதிப்பு சுழிக்கு அருகேதான் இருக்கிறது. அதனால் வரும் சுருள்போக்கு மெல்ல வளர்வது, கோலைக் கையிலிருந்து விடாத விமானி அதை உணரும் முன்பே திருத்திவிடுவார்.

நைஃப் எட்ஜில் இன்னொரு கோளாறும் உண்டு: மூக்கு வயிற்றுப் பக்கம் இழுபடுவது. அதற்கு இதே உறுதியுடன் வடிவத் தீர்வைச் சொல்ல இயலாது. உருளலைப் போலன்றி, சுக்கான் எப்பக்கம் திரும்பினாலும் இழுப்பு ஒரே பக்கம்தான். கிடைவாலைக் கடக்கும் கலங்கிய காற்றே பெரும்பாலும் அதன் மூலம். ஈர்ப்பு மையத்தையும் இறக்கை, கிடைவால் கோணங்களையும் திருத்தி அதைக் குறைக்கலாம், முற்றாக நீக்குவது அரிது. எஞ்சுவதற்கு எலிவேட்டர் மிக்ஸிங் வைப்பது நியாயமே. ஆனால் முதற்சோதனையில் எல்லா மிக்ஸிங்கையும் அணைத்துவிட்டு, இரு பக்கமும் நைஃப் எட்ஜ் பறந்து, விமானம் எந்தத் திசையில் உருள்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சுக்கான் பக்கமாக உருண்டால் டைஹெட்ரல் அதிகம், எதிர்ப்பக்கமாக உருண்டால் குறைவு. இறக்கைக் குழாயின் துளையை அரை டிகிரி மாற்றிப் பொருத்திவிட்டு, மறுபடி பறக்கலாம்.