கடைசி அத்தியாயத்தின் கதை

ஒரு தொடர் முடிஞ்ச அடுத்த நாள் நாங்கள் கதைக்கிறது பெரும்பாலும் ஒண்டுதான்: "எல்லாம் நல்லாத்தான் போச்சு, கடைசியில சொதப்பிட்டாங்கள்." ஆனால் தொடரை ஒழுங்காக முடித்துவைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தொலைக்காட்சியோடு சேர்ந்து பிறந்ததல்ல.

1950களிலும் 60களிலும் அமெரிக்கத் தொடர்கள் பெரும்பாலும் முடிக்கப்படவில்லை, நிறுத்தப்பட்டன. வாரத்துக்கு ஒரு தனிக்கதை; பார்வையாளர் குறைந்தால் அடுத்த பருவம் வராது. இதற்குள் வியாபாரமும் இருந்தது. பழைய அத்தியாயங்களை உள்ளூர் நிலையங்கள் வாங்கி மறுஒளிபரப்புச் செய்தன. முடிவு தெரிந்த கதையைத் திரும்ப யார் பார்ப்பார்கள்?

இந்த வழக்கத்தை உடைத்த தொடர்களில் முக்கியமானது 'தி ஃபியூஜிட்டிவ்'. செய்யாத கொலைக்குத் தண்டிக்கப்பட்ட வைத்தியர் கிம்பிள், ஒற்றைக் கையுள்ள உண்மைக் கொலையாளியைத் தேடி நான்கு பருவங்கள் ஓடினார். 1967 ஓகஸ்ட் 29இல் வந்த கடைசி அத்தியாயத்தை, அந்த நேரம் அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவை பார்த்தன. கொலையாளி சாகிறான், கிம்பிள் விடுதலையாகிறார். அதோடு, அத்தனை வருடமும் அவரைத் துரத்திய பொலிஸ் அதிகாரி ஜெரார்ட், நீதிமன்ற வாசலில் அவருக்குக் கை கொடுக்கிறார். வழக்கு மட்டுமில்லை, அந்த இரண்டு பேருக்கும் இடையிலிருந்த கணக்கும் அங்கே தீர்கிறது.

1983 பெப்ரவரி 28இல் 'மேஷ்' முடிந்தது. மூன்று வருடம் நடந்த கொரியப் போரைப் பற்றிப் பதினொரு பருவங்கள் ஓடிய தொடர். கடைசி அத்தியாயத்தைப் 10 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். முதல் பருவத்திலிருந்தே அந்த முகாமில் எல்லோருக்கும் இருந்த கேள்வி, எப்ப வீட்ட போறது எண்டதுதான். போர் நிற்கிறது, போகிறார்கள். ஆனால் ஹாக்ஐ என்ற வைத்தியர், ஒரு பஸ்ஸுக்குள் எதிரிக்குக் கேட்காமலிருக்கத் தாயே அடக்கிய குழந்தையின் நினைவோடு மனநோய் விடுதியில் இருந்துவிட்டு வருகிறார். வீட்டுக்குப் போகப் பெண் உடுப்புப் போட்டுப் பைத்தியம் மாதிரி நடித்த கிளிங்கர், மனைவியின் குடும்பத்தைத் தேடக் கொரியாவிலேயே நிற்கிறான். போர் முடிஞ்சது எண்ட அறிவிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவாக வருவதில்லை என்பதை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு முடிவுகள் சண்டைக்குரிய விசயமாகின. 2007 ஜூன் 10இல் 'த சொப்ரானோஸ்' ஒரு சாப்பாட்டுக்கடைக் காட்சியின் நடுவில் திடீரென்று கறுப்பானது. கேபிள் போயிட்டுது எண்டு நினைத்தவர்கள் கனபேர். ஆனாலும் எந்த நேரமும் கொல்லப்படலாம் என்ற பயத்தில் வாழும் ஒரு மாஃபியாத் தலைவனின் கதை அது. அந்தக் கறுப்புத்திரை அதே பயத்தை எங்களிடம் தந்துவிட்டுப் போகிறது. 2019இல் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' இறுதிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். டெனேரிஸ் நகரத்தை எரித்ததை விட, அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த அவசரம்தான் பலருக்குக் கோபம்.

ஆகவே நல்ல முடிவு எண்டா சந்தோசமான முடிவோ, ஆரும் எதிர்பாராத திருப்பமோ அல்ல. முதல் அத்தியாயத்தில் எங்களுக்குள் போட்ட கேள்வியைத் தொடர் கடைசிவரை மறக்காமல் இருந்ததா, அதற்காக அந்த மனிதர்கள் இழந்ததை மறைக்காமல் காட்டியதா? அடுத்த தொடர் முடியேக்க, சொதப்பிட்டாங்கள் எண்டு சொல்ல முதல் இந்த ரெண்டையும் கேட்டுப் பார்ப்பம்.