செஞ்சிக் கோட்டையும் சித்தியின் கையும்

போன வாரம் செஞ்சிக்குப் போயிருந்தேன். கோட்டைக்குள்ள வெடிமருந்துக் கிடங்கு பக்கத்துல நிக்கறப்ப ஒரு யோசனை. 1750 செப்டம்பர்ல பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில இந்தக் கோட்டையைப் பிடிச்ச கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் காலத்துல மருந்து வெடிச்சுக் கை வெந்த சிப்பாய்க்கு வலிக்கு என்ன குடுத்திருப்பாங்க? மிஞ்சிப்போனா அபின், சாராயம்.

எனக்கு உடனே சித்தி ஞாபகம் வந்துடுச்சு. 1982-ல கஞ்சி வடிக்கறப்ப வலது கை முழுக்க வெந்துபோச்சு. வெந்தப்பகூட அப்படிக் கத்தலை. தினம் கட்டுப் பிரிக்கறப்பதான் வார்டே அதிரும். தீக்காயத்துல பெரிய கொடுமை அதுதான்.

இத்தனைக்கும் வலியை அடக்கற வழி ரொம்பப் பழசு. 1884-ல வியன்னாவில் கார்ல் கோலர், கோகெய்ன் சொட்டு விட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்தார். கொஞ்ச நாளில் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் அதையே நரம்புக்குப் பக்கத்தில் ஊசியாகப் போட்டார். தன் மேலேயே சோதிச்சுப் பார்த்து, பாவம், கோகெய்னுக்கு அடிமையாகிட்டார். 1911-ல ஜெர்மனியில் கூலன்காம்ஃப், காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கை மொத்தத்தையும் மரக்க வைத்தார். முதல் சோதனை அவர் உடம்பில்தான்! 1943-ல ஸ்வீடனில் லோஃப்கிரன் லிடோகெய்ன் தயாரிச்சார். கூட இருந்த லுண்ட்க்விஸ்ட் அதைத் தனக்கே போட்டுப் பார்த்தார்.

விஷயம் சிம்பிள். நரம்புக்குள்ள சோடியம் நுழையற வாசலை மருந்து அடைச்சுடும். வலிச் சேதி மூளைக்குப் போகாது. ஆள் முழிச்சுக்கிட்டே இருப்பார், கை மட்டும் சில மணி நேரம் தூங்கும். அதுக்குள்ள கட்டு மாத்திடலாம். ஒட்டுப்போடத் தொடையில தோல் எடுத்தா, அந்த இடம் தீக்காயத்தைவிட அதிகமா எரியும். அதுக்கும் இடுப்புக்குக் கீழே ஊசி இருக்கு. இப்பல்லாம் அல்ட்ராசவுண்ட் திரையில நரம்பைப் பார்த்தே போடறாங்க.

உடம்பெல்லாம் வெந்தவங்களுக்கு இது மட்டும் போதாது. மருந்துக்கு அளவு உண்டு. ஊசி குத்தற இடத்துல சீழ் இருந்தாலும் சிக்கல்.

ஆனா சித்திக்குக் கை மட்டும்தானே? கூலன்காம்ஃப் வழி கண்டுபிடிச்சு அப்பவே 71 வருஷம். கேக்கணும்னு எங்களுக்குத் தோணலை.

உங்க வீட்டுல யாராவது கட்டு மாத்தறப்ப துடிச்சா, மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்க மக்களே.