ரேஷன் கார்டில் வளர்ந்த இனிப்பு!

ஒரு ஆளுக்கு, ஒரு வாரத்துக்கு, 57 கிராம் வெண்ணெய். 227 கிராம் சர்க்கரை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, ஒரு கட்டத்தில் பிரிட்டன் அரசு தன் மக்களுக்கு அளந்து கொடுத்தது அவ்வளவுதான்!

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? பிரிட்டன் ஒரு தீவு. சாப்பாட்டில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்கியாக வேண்டும். அந்தக் கப்பல்களை ஹிட்லரின் நீர்மூழ்கிகள் குறிவைத்து அடித்தன. 1940 ஜனவரி 8-ம் தேதி உணவு ரேஷன் அமலுக்கு வந்தது.

இல்லத்தரசிகள் பாடு திண்டாட்டம். சாப்பாடு முடிந்ததும் சுடச்சுட ஓர் இனிப்பு சாப்பிட்டே பழகியவர்கள் ஆங்கிலேயர்கள். ஆப்பிள் 'பை' செய்யலாம் என்றால், அடியில் ஒரு மாவுத் தகடு, மேலே மூட இன்னொன்று. இரண்டும் வெண்ணெயைக் குடிக்கும். ரேஷன் தாங்குமா?

கைகொடுத்தது கிரம்பிள். பெயருக்கே 'உதிர்வது' என்றுதான் அர்த்தம். மாவில் கொஞ்சம் வெண்ணெயோ மார்ஜரினோ போட்டு விரல் நுனியால் பிசற வேண்டும். கிட்டத்தட்ட நம் புட்டு மாவுப் பதம். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போச்சு, மாவு இழுபட்டுக் கெட்டியாகிவிடும். கொழுப்பு மட்டும் பட்டால்தான் உதிரும். மாவு போதாதா, ஓட்ஸைச் சேர்! சர்க்கரை கலந்து, நறுக்கிய ஆப்பிள் மேல் தூவி, அவனில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் கீழே குழைந்த பழம், மேலே பொன்னிற மொறுமொறுப்பு.

பழம்? உள்ளூரிலேயே விளைந்தது பிராம்லி. 1809-ல் நாட்டிங்ஹாம்ஷயரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து வந்த ரகம். கடித்தால் பல் கூசும்; அடுப்பில் வைத்தால் வெண்ணெயாய்க் குழையும்.

'போர்தான் கிரம்பிளைக் கண்டுபிடித்தது' என்று சொல்வதுண்டு. அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அதன் ஒன்றுவிட்ட சகோதரியான 'ஆப்பிள் கிரிஸ்ப்' செய்முறை 1924-லேயே அமெரிக்காவில் அச்சாகிவிட்டது. ஆனால், பற்றாக்குறைக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் ஏது?

அந்த ரேஷனுக்கு ஒரு பெருமை உண்டு. ராஜா வீட்டுக்கும் அதே அளவுதான். 1942-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் தங்கிய அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அசந்துபோனார். தட்டு தங்கம், வெள்ளி. அதில் வைத்த ரொட்டியோ ஊரே சாப்பிட்ட அதே போர்க்கால ரொட்டி!

ஆனால், இந்த நியாயம் கடல் தாண்டவில்லை. 1943-ல் அதே அரசின் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் பஞ்சம். தானியம் அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, 'கப்பல் இல்லை' என்று கையை விரித்தது லண்டன் போர் அமைச்சரவை; அனுப்பியது, கேட்டதில் சொற்பம். செத்தவர்கள் 30 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் கிராமத்து ஜனங்களிடம் நீட்ட ஒரு ரேஷன் கார்டுகூட இல்லை.

1954 ஜூலை 4-ம் தேதியோடு பிரிட்டனில் ரேஷன் ஒழிந்தது. வெண்ணெய் திரும்பி வந்தது. ஆனாலும், கிரம்பிளை யாரும் கைவிடவில்லை. இன்றைக்கும் அங்கே அது அம்மா கைப்பக்குவம்.

இருப்பதைப் பங்கிட்டால் பஞ்சத்திலும் ஓர் இனிப்பு செய்யலாம். அந்தப் பங்கு யார் யாருக்கு என்பதில்தான் வரலாறு கசக்கிறது.